தீக்குச்சி எழுதிய விதி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கிழக்கு லண்டனில் தெருத்தெருவாக வீடுகள் இடிந்து கிடந்தன. துறைமுகமும் கிடங்குகளும் அங்கேதான் இருந்தன. ஜெர்மன் விமானங்கள் குறிவைத்ததும் அங்கேதான். வீடிழந்தவர்கள் உறவினர் வீடுகளில் ஒண்டிக் குடித்தனம் நடத்தினார்கள். வீடு கேட்டு நகராட்சிகளில் பெயர் பதிந்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கட்டுவதற்கு நிலம் குறைவு. வேலை தெரிந்த கொத்தனாரும் தச்சரும் கிடைப்பது அதைவிட அரிது. 1956-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: நகராட்சி கட்டும் குடியிருப்பு எவ்வளவு உயரமோ, அவ்வளவு அதிக மானியம். மாடி கூடினால் பணம் கூடும் என்றானதும் ஊர் ஊராக அடுக்குமாடிகளுக்குத் திட்டம் போட்டார்கள். ஆனால் இத்தனை உயரத்தை இத்தனை அவசரத்தில் யார் கட்டித் தருவது?

விடை டென்மார்க்கில் இருந்தது. லார்சன்-நீல்சன் முறை என்று அதற்குப் பெயர். சுவர்களையும் தளங்களையும் தொழிற்சாலையிலேயே கான்கிரீட் பேனல்களாக வார்த்துவிடுவார்கள். லாரியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பார்கள். தூண் கிடையாது, பீம் கிடையாது. கீழே நிற்கும் சுவர் தளத்தைத் தாங்கும். அந்தத் தளத்தின் மேல் அடுத்த மாடியின் சுவர் நிற்கும். மூட்டுகளில் சிமென்ட் கலவையைத் திணித்து இறுக்கினால் மாடி தயார். சாரம் கட்ட வேண்டாம், பூச்சு காயக் காத்திருக்க வேண்டாம். டென்மார்க்கில் இந்த முறை உருவானது உயரம் குறைந்த குடியிருப்புகளுக்காக. கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்ததும் அதை இருபது மாடிக்கு மேல் ஏற்றினார்கள்.

டெய்லர் உட்ரோ-ஆங்கிலியன் என்ற நிறுவனம் இந்த முறைக்கான உரிமம் வாங்கியிருந்தது. கிழக்கு லண்டனின் கானிங் டவுன் பகுதியில் ஒரே அச்சில் ஒன்பது கட்டடங்களை எழுப்பும் வேலை அதனிடம் வந்தது. அவற்றில் ஒன்றின் வேலை 1966 கோடையில் தொடங்கி 1968 மார்ச்சில் முடிந்தது. 22 மாடி, 200 அடிக்கு மேல் உயரம், 110 வீடுகள். நியூஹாம் நகராட்சியின் வீட்டுவசதிக் குழுத் தலைவராக இருந்த ஹாரி ரோனனின் பெயரையொட்டி ‘ரோனன் பாயின்ட்’ என்று பெயர் வைத்தார்கள். ஈரச் சுவர்களும் ஒற்றைக் கழிப்பறையுமாகக் காலம் தள்ளிய குடும்பங்கள் வெந்நீர்க் குழாயும் தனிக் குளியலறையும் கொண்ட வீடுகளுக்குக் குடிவந்தன. சன்னலைத் திறந்தால் தேம்ஸ் நதி வரை தெரிந்தது. அந்த நிம்மதிக்கு ஆயுள் இரண்டே மாதம்.

1968 மே 16, வியாழக்கிழமை. பதினெட்டாவது மாடியின் மூலை வீட்டில், 90-ம் எண்ணில், 56 வயதுப் பெண்மணி ஒருவர் தனியாக வசித்தார். கேக்குகளுக்கு அலங்காரம் செய்வது அவர் தொழில். அதிகாலை 5.45 மணி அளவில் எழுந்து சமையலறைக்குப் போனார். கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். தீக்குச்சியை உரசினார். அடுத்து அவருக்கு நினைவு திரும்பியபோது தரையில் கிடந்தார்.

இரவெல்லாம் எரிவாயு கசிந்து வீட்டை நிறைத்திருந்தது. வெடித்த வேகத்தில் வரவேற்பறையின் வெளிச்சுவர்ப் பேனல் மூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போய் விழுந்தது. அந்தப் பேனலின் தலையில்தான் மேல் வீட்டின் தளம் உட்கார்ந்திருந்தது. பிடிமானம் போனதும் பத்தொன்பதாவது மாடியின் மூலை சரிந்தது. பின்னாலேயே இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. மேலே இருந்த நான்கு மாடிகளின் எடையும் பதினெட்டாவது மாடித் தளத்தில் வந்து மோதியது. அதைத் தாங்கும் பலம் அந்தத் தளத்துக்கு இல்லை. அது உடைந்து பதினேழின் மேல் விழ, பதினேழு பதினாறின் மேல் விழ, அப்படியே கீழ் மாடிவரை போயிற்று. தூசி அடங்கியபோது, கட்டடத்தின் தென்கிழக்கு மூலை உச்சியிலிருந்து அடிவரை சீவி எடுத்தது போல் இல்லாமல் போயிருந்தது. உள்ளே சுமார் 260 பேர் இருந்தார்கள்.

இறந்தவர்கள் நான்கு பேர். காயமடைந்தவர்கள் பதினேழு பேர். அவ்வளவு பெரிய சரிவில் இவ்வளவு பேர் தப்பியதற்குக் காரணம் கடிகாரம்தான். இடிந்து விழுந்தவை பெரும்பாலும் வரவேற்பறைகள்; அந்நேரத்தில் மக்கள் படுக்கையறைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெடிப்பு நிகழ்ந்த வீட்டுக்கு மேலிருந்த நான்கு மூலை வீடுகளில் மூன்றுக்கு இன்னும் யாரும் குடிவரவே இல்லை. இதே வெடிப்பு மாலை ஏழு மணிக்கு, குடும்பங்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. தீக்குச்சி உரசிய பெண்மணியும் தீக்காயங்களோடு பிழைத்தார். அவருடைய காதுகள் முன்போலவே நன்றாகக் கேட்டன. இந்தச் சின்ன விவரம் சில வாரங்களில் பெரிய புதிராக மாறியது.

அரசு உடனே விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ஹியூ கிரிஃபித்ஸ் என்ற வழக்கறிஞர். அவரோடு இரண்டு பொறியியல் பேராசிரியர்கள்: சர் ஆல்ஃபிரட் பக்ஸ்லி, சர் ஓவன் சாண்டர்ஸ். அடுப்பையும் எரிவாயுக் குழாயையும் இணைத்த பித்தளை நட்டு முதலில் சிக்கியது. அதன் விளிம்பு இருக்க வேண்டிய கனம் இல்லாமல் மெலிந்திருந்தது. அது முறிந்துதான் வாயு கசிந்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு நட்டு. விசாரணை அதோடு முடிந்திருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் சேதத்தின் அளவு வெடிப்பின் அளவோடு பொருந்தவே இல்லை.

அந்தப் பெண்மணியின் செவிப்பறை கிழியவில்லை. செவிப்பறை கிழிய சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 பவுண்டு அழுத்தம் வேண்டும். அப்படியானால் வெடிப்பு அதைவிடச் சிறியதாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீடுகளில் எப்போதாவது நேர்கிற சாதாரண எரிவாயு வெடிப்புதான் அது. பழைய செங்கல் வீடாக இருந்தால் சன்னல் பறந்திருக்கும், ஒரு சுவர் விழுந்திருக்கும். இங்கே 22 மாடியின் மூலையே எப்படிப் போயிற்று? மூட்டுகளைச் சோதித்துப் பார்த்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்கும் குறைவான அழுத்தமே அந்தச் சுவர்ப் பேனலை வெளியே தள்ளப் போதுமானதாக இருந்தது.

பேனல்களைப் பிடித்து வைத்திருந்தது பெரும்பாலும் அவற்றின் மேல் இருந்த எடைதான். அடி மாடிகளில் மேலே அமுக்கும் எடை அதிகம், அதனால் பிடிப்பும் அதிகம். உச்சிக்குப் போகப் போக எடை குறையும், பிடிப்பும் தளரும். பதினெட்டாவது மாடியின் தலையில் நான்கே மாடிகள். சுவரையும் தளத்தையும் ஒன்றோடொன்று பிணைக்க அழுத்தமான கம்பிக்கட்டு எதுவும் மூட்டில் இல்லை. ஒரு பேனல் நழுவினால் அதன் சுமையை ஏற்றுக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. சீட்டுக்கட்டில் கட்டிய வீடு என்று அப்போது பத்திரிகைகள் எழுதியது மிகையே அல்ல. குழு மேலும் தோண்டியது. காற்று விஷயத்தில் 1952-ல் வந்த பழைய வழிகாட்டியைத்தான் வடிவமைப்பாளர்கள் நம்பியிருந்தார்கள். அவ்வளவு உயரத்தில் வீசக்கூடிய பலத்த காற்றே அந்தச் சுவரைப் பெயர்த்திருக்கக்கூடும். ஒரு வீட்டில் பெருந்தீ பிடித்தாலும் சூட்டில் விரியும் தளம் சுவரை வெளியே தள்ளிவிடக்கூடும். ஆக, அந்தப் பித்தளை நட்டு முறியாமல் இருந்திருந்தாலும் வேறொரு நாள் காத்திருந்தது. அப்படியென்றால் எந்த விதியை மீறினார்கள்?

எதையும் மீறவில்லை. அறிக்கையைப் படித்தவர்களை உலுக்கியது இதுதான். அன்று நடப்பிலிருந்த கட்டட விதிகளுக்கு ரோனன் பாயின்ட் உட்பட்டே நின்றது. விதிகள் அதுவரை ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்தன: ஒவ்வொரு பாகமும் தன்மேல் வரும் சுமையைத் தாங்குமா? ‘ஒரு பாகம் போய்விட்டால் மற்றவை என்ன செய்யும்?’ என்று எந்த விதியும் கேட்டதில்லை. செங்கல்லும் மரமும் இரும்புச் சட்டகமும் கொண்டு கட்டிய காலத்தில் கேட்கத் தேவையும் அதிகம் இருக்கவில்லை. அந்தக் கட்டுமானங்களில் சுமை மாறிப் போக ஏதாவது ஒரு வழி தானாகவே இருந்தது. கட்டும் முறை மாறியது; விதிப் புத்தகம் மாறவில்லை.

குழுவில் இருந்த பக்ஸ்லிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர் இளமையில் கார்டிங்டன் வான்கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர். அங்கே கட்டப்பட்ட ஆர்101 வான்கப்பல் 1930-ல் பிரான்சில் விழுந்து எரிந்து 48 பேர் இறந்தார்கள். பிறகும் நெடுங்காலம் விமானங்களின் கட்டமைப்புப் பாதுகாப்பைத்தான் ஆராய்ந்தார். விமானத் துறையில் ஒரு பாகம் முறிந்தால் மீதி தாங்குமா என்பது அன்றாடக் கேள்வி. வீடு கட்டுகிறவர்களின் மேசைக்கு அந்தக் கேள்வி வர, நான்கு பேர் சாக வேண்டியிருந்தது.

1968 முடிவதற்குள் அறிக்கை வெளியானது. இதே முறையில் கட்டிய உயரமான குடியிருப்புகளை எல்லாம் சோதித்து வலுப்படுத்தும்படி அரசு நகராட்சிகளுக்குச் சொன்னது. அதுவரை அவற்றில் எரிவாயுவைத் துண்டிக்கச் சொன்னது. விதியையும் திருத்தியாக வேண்டும். சண்டை அங்கேதான் மூண்டது. எங்கோ ஒரு வீட்டில் வாயு வெடித்ததற்காக நாட்டிலுள்ள கட்டடம் ஒவ்வொன்றையும் குண்டுவெடிப்புக்குக் கணக்குப் போட்டுக் கட்டுவதா என்று பொறியாளர்கள் பலர் கொதித்தார்கள். பாகங்களை ஒழுங்காகப் பிணைத்துக் கட்டினாலே போதும், தனிக் கணக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். அரசு காத்திருக்கவில்லை. 1970 ஏப்ரல் 1-ல் கட்டட விதிகளின் ஐந்தாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் எதுவானாலும், வடிவமைக்கும் பொறியாளர் காகிதத்தில் ஒரு காரியம் செய்தாக வேண்டும் என்றது திருத்தம். சுமை தாங்கும் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் இந்தச் சுவர் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கு. பிறகு அந்தத் தூண் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கு. ஒவ்வொரு முறையும் இடிபாடு அந்த மாடியோடும் அதை ஒட்டிய மேல், கீழ் மாடிகளோடும் நிற்க வேண்டும். பரப்பிலும் ஒரு மாடியில் 15 சதவீதத்தையோ 70 சதுர மீட்டரையோ தாண்டக்கூடாது. எடுத்தால் அதற்கு மேல் சரியும் என்று தெரிகிற பாகம் இருந்தால், அதைச் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும்படி கட்ட வேண்டும். ஒரு சதுர மீட்டர் சுவரில் மூன்றரை டன் எடை பக்கவாட்டில் அழுத்துவதற்குச் சமம் அது. இந்த எண் எந்தச் சூத்திரத்திலிருந்தும் பிறக்கவில்லை. பதினெட்டாவது மாடியில் அன்று அதிகாலை எழுந்திருக்கக்கூடிய அழுத்தத்தை ஒட்டி வைத்த எண். அதே அழுத்தத்தை மெட்ரிக் அளவில் சொல்லி, உலகின் பல மூலைகளில் பொறியாளர்கள் இன்றும் போடுகிற ‘34 கிலோபாஸ்கல்’ கணக்கு, ஒரு சமையலறையில் உரசிய தீக்குச்சியிலிருந்து வந்தது!

எதிர்த்தவர்களின் வாதமும் வீணாகவில்லை. பிணைத்துக் கட்டினால் போதும் என்று அவர்கள் சொன்னதை 1972-ல் வந்த கான்கிரீட் கட்டுமான நெறிமுறை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தளத்தின் விளிம்பைச் சுற்றிலும் விடுபடாமல் ஓடும் கம்பி; தளத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி; உயரமான கட்டடமானால் அடியிலிருந்து உச்சிவரை தூண், சுவர் வழியாகச் செல்லும் கம்பி. ஒரு தூண் பறிபோனாலும், மேலிருக்கும் தளம் இந்தக் கம்பிகளில் தொய்ந்து நிற்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். லண்டனில் இன்று எழும் எந்த அடுக்குமாடியின் தளத்துக்குள்ளும் இந்தக் கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்து ஓடுகின்றன. வரைபடத்தில் அவற்றுக்கு ‘டை’ என்று ஒற்றைச் சொல். குடியிருப்பவர் கண்ணில் அது ஒருநாளும் படுவதில்லை.

விதி பிறந்துவிட்டது. ஆனால் அதைப் பெற்றெடுத்த கட்டடம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. இடிந்த மூலையைத் திரும்பக் கட்டி, மூட்டுகளுக்கு இரும்புக் கோணங்கள் அடித்து, ரோனன் பாயின்ட்டில் மறுபடியும் ஆட்களைக் குடிவைத்தார்கள். பதினெட்டாம் மாடிப் பெண்மணி வேறு வீட்டுக்குப் போனார். போகும்போது அந்த எரிவாயு அடுப்பையும் எடுத்துச் சென்றார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டுகள் ஓடின. சாம் வெப் என்ற கட்டடக்கலைஞருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சுவருக்கும் தளத்துக்கும் இடையே விரிசல் விழுகிறது, காற்றடித்தால் அது அகல்கிறது என்று விடாமல் எச்சரித்து வந்தார். 1984-ல் காலி வீடு ஒன்றில் தீ மூட்டிச் சோதித்தபோது தளம் வளையத் தொடங்கியது. சில நிமிடங்களிலேயே சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1986-ல் கட்டடத்தைப் பிரிக்கும் வேலை தொடங்கியது.

வெடிவைத்துத் தகர்த்திருந்தால் ஓர் உண்மை தூசியோடு தூசியாகப் போயிருக்கும். வெப்பும் மற்றவர்களும் வற்புறுத்தியதால் பேனல் பேனலாகக் கழற்றி இறக்கினார்கள். மூட்டுகள் திறந்தன. கெட்டிக் கலவை இருக்க வேண்டிய இடங்களில் வெற்றிடம். சில இடங்களில் கசங்கிய செய்தித்தாளும் குப்பையும். மட்டம் பார்ப்பதற்காகச் சுவருக்கடியில் வைக்கும் போல்ட்டுகள் உண்டு. கலவை இறுகியதும் சுமை கலவைக்கு மாறிவிட வேண்டும். கலவை சரியாகத் திணிக்கப்படாததால் பல சுவர்கள் பதினெட்டு ஆண்டுகளாக அந்த போல்ட்டுகளின் மேலேயே நின்றிருந்தன. வரைபடம் சொன்ன கட்டடம் வேறு, நின்ற கட்டடம் வேறு. விசாரணைக் குழு கணக்கிட்டது வரைபடத்தை. மக்கள் குடியிருந்தது மற்றதில். எனக்கு இந்தக் கதையில் வெடிப்பைவிட அதிகம் வலிக்கும் இடம் இதுதான்.

ரோனன் பாயின்ட்டைப் பிரித்த பத்து ஆண்டுகளுக்குள், ஒரு பாகம் போனால் மற்றவை என்ன செய்யும் என்ற அதே கேள்வியை அமெரிக்காவும் கேட்க வேண்டி வந்தது. 1995 ஏப்ரல் 19-ல் ஓக்லஹோமா நகரத்தின் ஒன்பது மாடி அரசு அலுவலகம் முன்னால் வெடிகுண்டு நிரப்பிய வாகனம் வெடித்தது. தரைத்தளத்தில் தூண்களை விலக்கி அகலமாக வாசல் விடுவதற்காக முன்பக்கத்து மேல் மாடித் தூண்களை ஒரே பெரிய பீமின் மேல் ஏற்றியிருந்தார்கள். கீழே சில தூண்கள் போனதும் அந்த பீம் விழுந்தது. கட்டடத்தின் முன்பகுதி பெரும்பாலும் சரிந்தது. இறந்தவர்கள் 168 பேர். பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அல்ல, சரிவு. அதன் பிறகு அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கட்டடங்களுக்கும் தூணை எடுத்துவிட்டுக் கணக்குப் போடும் முறை வந்தது. 2004-ல் இங்கிலாந்து தன் ஐந்து மாடி வரம்பை எடுத்துவிட்டு, எல்லாக் கட்டடங்களுக்கும் அவற்றின் அளவுக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப விதியை விரித்தது. முன்வார்ப்புக் கான்கிரீட் கட்டடங்களுக்காக 2010-ல் இந்தியத் தரநிலை 15916 வெளியானபோது அதிலும் இதே அக்கறை இடம்பெற்றது: ஒரு சிறு பகுதிக்கு நேரும் சேதம் பெரும்பகுதியைச் சரிக்கக்கூடாது. நம் ஊர்களில் பேனல் பேனலாக அடுக்கும் குடியிருப்புகள் இப்போதுதான் பெருகிவருகின்றன என்பதால் இந்த வாசகத்துக்கு வேலை இனிமேல்தான் அதிகம்.

2017 கோடையில் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீவிபத்துக்குப் பிறகு பழைய அடுக்குமாடிகள் பலவற்றைத் திரும்பச் சோதித்தார்கள். தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் லெட்பரி எஸ்டேட் என்ற குடியிருப்பு. அங்கே அப்போது பதின்மூன்று மாடிக் கட்டடங்கள் நான்கு இருந்தன. எல்லாம் ரோனன் பாயின்ட்டைப் போல் பேனல் அடுக்கிக் கட்டியவை. சுவர்களில் விரிசல் இருக்கிறது என்று குடியிருந்தவர்கள் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 1968-க்குப் பிறகு இவற்றை வலுப்படுத்திவிட்டார்கள் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். பொறியாளர்கள் வந்து பார்த்தபோது, அப்படி வலுப்படுத்தியதாக உறுதி சொல்ல முடியவில்லை. அந்த ஆகஸ்டிலேயே நான்கு கட்டடங்களுக்கும் எரிவாயு துண்டிக்கப்பட்டது.